நார்ச்சத்து மிகுந்த ரஸ்க், பிஸ்கட், பிரட்: மதுரைப் பக்கம் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் எந்தத் தெருமுனை டீக்கடையை எடுத்துக்கொண்டாலும் கண்ணாடி ஜாடிகளில் பன்னும் வர்க்கியும் ரஸ்க்கும் பட்டர் பிஸ்கட்டும் நிறைந்திருக்கும். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மைதாவில் செய்தவை. காலையில் டீயோடு இரண்டு ரஸ்க், மாலையில் ஒரு பன் என்று பழகிவிட்ட ஊரில், அதே ரஸ்க்கிலும் பன்னிலும் நார்ச்சத்தைக் கூட்டிக் கொடுப்பது பயனுள்ள வேலை என்று உறுதியாக நம்புகிறேன். வீட்டில் சிறு ஓவன் வைத்துத் தொடங்குகிறவர்கள், மகளிர் குழுவாகச் சேர்ந்து தொழில் செய்ய நினைப்பவர்கள், ஏற்கெனவே பேக்கரி நடத்திக்கொண்டு புதிய சரக்கு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களில் பலர் நேராகப் பிரட்டில் கை வைக்கிறார்கள். அது உப்பாமல் கல்லாக வந்ததும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். நார்ச்சத்துப் பண்டங்களில் பிரட்தான் மிகக் கடினமானது. ரஸ்க்கில் தொடங்கி, பிஸ்கட்டைப் பழகி, அதன் பிறகு பிரட்டுக்குப் போவதே சரியான வரிசை. இதற்குக் காரணம் தண்ணீர். கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நார்ச்சத்து என்பது எது, எவ்வளவு வேண்டும்

நம் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை சென்று சேரும் தாவர மாவுப்பொருள்களையே நார்ச்சத்து என்கிறோம். ஓட்ஸ், இசப்கோல், பருப்பு வகைகள் ஆகியவற்றில் உள்ள கரையும் நார் தண்ணீரில் கூழாகும் தன்மை உடையது. உணவிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் சேரும் வேகத்தை அது குறைக்கிறது. ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்னும் கரையும் நாரை நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் உட்கொண்டால் கொலஸ்ட்ரால் குறையும் என்பது பல நாடுகளின் உணவு அமைப்புகள் ஏற்றுக்கொண்ட செய்தி. கோதுமைத் தவிட்டில் பெரும்பகுதி கரையாத நார். அது தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தின் பருமனைக் கூட்டி, மலச்சிக்கலைத் தணிக்கிறது.

வளர்ந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2000 கிலோகலோரி உணவுக்கு 30 கிராம் என்று கணக்கிடுகிறது. நல்ல நார்ச்சத்து பிரட்டின் இரண்டு துண்டுகள் இதில் 4 கிராமைத்தான் தரும். எனவே கீரைக்கும் பயறுக்கும் அவரைக்காய்ப் பொரியலுக்கும் பதிலாக இதைச் சாப்பிடலாம் என்று வாடிக்கையாளரிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது. மைதா பிரட்டுக்குப் பதிலாக இது என்பதே நேர்மையான பேச்சு.

சரக்கு சேர்ப்பது

மைதாவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் சற்றுக் குறைவான நார் உண்டு. முழுக் கோதுமை மாவில் அது 11 கிராமைத் தாண்டுகிறது. கேப்பை, கம்பு ஆகியவற்றின் மாவிலும் ஏறக்குறைய 11 கிராம் இருக்கிறது. சோளத்தில் 10 கிராம். தோலோடு கூடிய கறுப்புக் கொண்டைக்கடலையில் 25 கிராம். கோதுமைத் தவிட்டில் 40 கிராமுக்கு மேல். இசப்கோல் உமியோ 80 கிராம் அளவுக்கு நாராலேயே ஆனது.

மில்லில் அரைத்து வாங்கிய கோதுமை மாவை வீட்டில் சலித்துக் கப்பியைக் கொட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நாம் தேடுகிற பொருளே அந்தக் கப்பிதான். மாவைச் சலிப்பது கல், தூசி, வண்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டுமே இருக்கட்டும். சல்லடையில் தங்கும் தவிட்டைத் திரும்பவும் மாவிலேயே சேர்த்துவிட வேண்டும்.

கோதுமைத் தவிடு வாங்கும்போது மிகுந்த கவனம் தேவை. மாட்டுத் தீவனக் கடையில் மூட்டையாகக் கிடைக்கும் தவிடு விலை மலிவு என்பதற்காக அதைத் தொடவே கூடாது. அது மனிதர் உண்ணும் தரத்தில் சுத்தம் செய்து பாதுகாக்கப்பட்டது அன்று. மாவு ஆலையிலோ, கீழமாசி வீதி போன்ற இடங்களிலுள்ள மொத்த மளிகைக் கடையிலோ, உணவுக்கென்று பை மேல் எழுதி, தேதி அச்சிட்டு வருவதையே வாங்குங்கள். தவிட்டில் முளைக்கருவின் எண்ணெய் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். வாங்கி வந்த அன்றே ட்ரேயில் மெல்லியதாகப் பரப்பி, 120 முதல் 130 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம், நடுவில் இரண்டு முறை கிளறிவிட்டு வறுத்து, ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வறுபட்டதும் வரும் வாசனையே பண்டத்தின் ருசியில் பாதி.

சிறுதானியங்களைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். பேரையூர், தே.கல்லுப்பட்டி பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலி நம் மண்ணின் பயிர். மதுரை வேளாண்மைக் கல்லூரியே 'எம்.டி.யு. 1' என்ற குதிரைவாலி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் குதிரைவாலி அரிசி உமியோடு தவிடும் நீங்கும்படி தீட்டப்பட்டது. 'சிறுதானியம்' என்ற பெயருக்காகவே அதில் நார் நிறைந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தீட்டாத, மங்கலான பழுப்பு நிற அரிசியைக் கேட்டு வாங்கி அரைக்க வேண்டும். கேப்பையில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் தோல் உள்மாவோடு இறுக ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் முழுமையாகவே அரைபடுகிறது. புதியவர்களுக்கு முதல் சிறுதானியம் கேப்பையாகவே இருக்கட்டும் என்று சொல்வேன்.

தேனிப் பக்கத்து வாழைக்காயைக் காயவைத்து அரைத்த மாவைச் சிலர் நார்ச்சத்துக்காகச் சேர்க்கிறார்கள். அதிலுள்ள சிறப்பு, எளிதில் செரிக்காத ஒருவகை ஸ்டார்ச். தண்ணீர் அதிகமுள்ள பிரட் மாவில் அது வெந்து கூழாகி, சாதாரண ஸ்டார்ச்சைப் போலவே செரிமானமாகிவிடும். தண்ணீர் குறைந்த பிஸ்கட்டில் அதில் ஒரு பகுதியாவது தப்பிப் பிழைக்கும். வாழைக்காய் மாவைப் பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரைப் பொடி நிறமும் சத்தும் தரும், ஆனால் மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் கசப்பு தலைதூக்கும்.

அடுப்பு பற்றவைக்கும் முன் கணக்கு

பேக்கரிக் கணக்கில் மொத்த மாவையும் 100 என்று வைத்து, மற்ற எல்லாப் பொருளையும் அதன் சதவீதமாக எழுதுவார்கள். தவிட்டையும் மாவின் பகுதியாகவே இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

ஒரு கிலோவுக்கு மைதா 600 கிராம், முழுக் கோதுமை மாவு 300 கிராம், தவிடு 100 கிராம் என்று எடுத்தால், நார் முறையே சுமார் 17, 34, 42 என்று மொத்தம் 93 கிராம் வரும். இதோடு 680 மில்லி தண்ணீர், 100 கிராம் சர்க்கரை, 50 கிராம் கொழுப்பு, உப்பு, ஈஸ்ட் எல்லாம் சேர்ந்து மாவு உருண்டை ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டும். ஓவனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலான எடை ஆவியாகப் போனபின் கிடைக்கும் பிரட்டில் 100 கிராமுக்கு 5.5 கிராம் நார்தான் இருக்கும். அதே பிரட்டைத் துண்டு போட்டு ரஸ்க்காக உலர்த்தினால், தண்ணீர் போய்விடுவதால் 100 கிராமுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. மாவில் எதையும் கூட்டவில்லை. தண்ணீர் மட்டுமே வெளியேறியது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகளின்படி, திடப் பண்டத்தில் 100 கிராமுக்குக் குறைந்தது 3 கிராம் நார் இருந்தால்தான் 'நார்ச்சத்து உள்ளது' என்றும், குறைந்தது 6 கிராம் இருந்தால்தான் 'நார்ச்சத்து நிறைந்தது' என்றும் உறையில் எழுதலாம். நம் கலவை பிரட்டாக நின்றால் இரண்டாவது வாசகத்துக்குத் தகுதி பெறாது; ரஸ்க்காக மாறினால் தாராளமாகப் பெறும்.

ரஸ்க்: முதல் படி

மேலே சொன்ன கலவையையே எடுத்துக்கொள்வோம். முந்தைய இரவே 100 கிராம் தவிட்டை, 680 மில்லி தண்ணீரிலிருந்து 150 மில்லியை எடுத்து அதில் ஊறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காய்ந்த தவிட்டை அப்படியே போட்டால், பிசையும்போது மாவு சரியான பதத்தில் இருப்பதாகத் தோன்றி, அரை மணி நேரம் கழித்துத் தவிடு தண்ணீரை இழுத்துக்கொண்டு மாவு இறுகிவிடும். பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

மறுநாள் மைதா, கோதுமை மாவு, ஊறிய தவிடு, சர்க்கரை, 10 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், மீதித் தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் 15 கிராம் உப்பையும் கொழுப்பையும் சேர்த்து மீண்டும் பிசையுங்கள். ஒரு மணி நேரம் பொங்கவைத்து, டின்களில் போட்டு, மறுபடி பொங்கியதும் 200 டிகிரி செல்சியஸில் சுட்டெடுங்கள். ரஸ்க்குக்கான பிரட் அவ்வளவாக உப்பாவிட்டாலும் கெட்டுப்போகாது என்பது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

சுட்ட பிரட்டை ஒரு நாள் முழுக்க ஆறவைத்த பிறகே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டித் துண்டுகள் நசுங்கும். ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, ட்ரேயில் இடைவெளி விட்டு அடுக்கி, 130 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு உலர்த்துங்கள். தவிடு சேர்ந்த மாவு முதலிலேயே பழுப்பாக இருப்பதால் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு துண்டை எடுத்து ஆறவிட்டு நடுவில் உடைத்துப் பாருங்கள்: ஓரத்தைப் போலவே நடுப்பகுதியும் 'படக்' என்று முறிய வேண்டும். நடுவில் லேசாக வளைந்து, விரலில் மெத்தென்று தட்டுப்பட்டால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். அந்த ஈரம் உறைக்குள் அடைபட்டால் ரஸ்க் முழுவதும் நமுத்துப்போகும்.

பிஸ்கட்

பிஸ்கட்டுக்கு மாவு உப்ப வேண்டியதில்லை என்பதால் குளூட்டன் (மாவு உப்பத் துணைசெய்யும் கோதுமைப் புரதம்) இல்லாத கேப்பையையும் கடலை மாவையும் இதில் தாராளமாகச் சேர்க்கலாம். 130 கிராம் வெண்ணெயையும் 120 கிராம் நாட்டுச்சர்க்கரையையும் குழைத்து, 200 கிராம் முழுக் கோதுமை மாவு, 100 கிராம் கேப்பை மாவு, வறுத்துப் பொடித்த 30 கிராம் தவிடு, 5 கிராம் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, சேர்ந்து வரும் அளவுக்குச் சுமார் 45 மில்லி பால் ஆகியவற்றைச் சேர்த்து உருட்டினால், சுட்ட பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 8 கிராம் அளவுக்கு நார் நிற்கும். பிஸ்கட்டில் தவிடு பெரிதாக இருந்தால் நாக்கில் நெருடும். இங்கே மட்டும் நைஸாகப் பொடித்துக்கொள்ளுங்கள். மாவை அரை மணி நேரம் மூடிவைத்த பிறகு உருட்டினால் ஓரங்கள் வெடிக்காது. 165 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம் போதும். இதில் சர்க்கரையும் வெண்ணெயும் குறைவில்லை என்பதை மறைக்காமல் சொல்லி விற்பதே முறை. நார்ச்சத்து இருக்கிறது என்பதற்காகச் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றது என்று எழுதிவிடக் கூடாது.

பிரட்

மைதா மாவைத் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் மீள்தன்மையுள்ள வலையாக உருவாகி, ஈஸ்ட் வெளியிடும் வாயுவைப் பிடித்துவைக்கிறது. தவிடு சேரும்போது மூன்று தொல்லைகள் ஒருங்கே வருகின்றன: மாவில் குளூட்டனின் பங்கு குறைகிறது, தவிடு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் குளூட்டனுக்கு வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை, தவிட்டின் கூரான துணுக்குகள் அந்த வலையையே அறுக்கின்றன. முதல் தொல்லைக்கு மாவின் எடையில் 3 சதவீதம் குளூட்டன் தூள் சேர்ப்பதும், மற்ற இரண்டுக்கும் தவிட்டை முன்கூட்டியே ஊறவைப்பதும் மருந்து. ஊறிய தவிடு தண்ணீர் கேட்பதையும் நிறுத்தும், மிருதுவாகவும் ஆகும். தவிட்டை மிக நைஸாக அரைத்தால் பிரட் நன்றாக உப்பும் என்று எண்ண வேண்டாம். ரவைப் பதமே பிரட்டுக்கு நல்லது.

நான் பரிந்துரைக்கும் அளவு இது: மைதா 400 கிராம், முழுக் கோதுமை மாவு 480 கிராம், தவிடு 120 கிராம், மேலே சொன்ன குளூட்டன் தூள் 30 கிராம், தண்ணீர் 740 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 12 கிராம், உப்பு 18 கிராம், சர்க்கரை 40 கிராம், எண்ணெய் 30 கிராம். கணக்குப்படி 100 கிராம் பிரட்டுக்கு 7 கிராம் நார் வரும். சட்டம் கேட்கும் 6 கிராமுக்கு மேலே ஒரு கிராம் இடைவெளி வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. மாவு மூட்டைக்கு மூட்டை மாறும், தண்ணீரும் கைக்குக் கை மாறும்.

இனி நம் ஊர் வெக்கையைப் பற்றிப் பேச வேண்டும். பிசைந்து முடிந்த மாவு 27 டிகிரி செல்சியஸில் இருப்பது நல்லது. 27-ஐ மூன்றால் பெருக்கினால் வரும் 81-இலிருந்து மாவின் வெப்பநிலை, அறையின் வெப்பநிலை, இயந்திரம் பிசைவதால் ஏறும் சூடு ஆகிய மூன்றையும் கழித்தால், தண்ணீர் எந்த வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். சித்திரை மாதத்தில் மாவு 34, அறை 35, இயந்திரச் சூடு 10 என்று வைத்தால் விடை 2 டிகிரி. அதாவது ஐஸ் தண்ணீர்தான். குளிர்சாதனப் பெட்டியில் ஊறிய தவிட்டையும் அப்படியே எடுத்துப் போட்டால் வேலை இன்னும் சுலபமாகும்.

பதம் பார்ப்பதிலும் பழைய பழக்கத்தைக் கொஞ்சம் விட வேண்டும். மைதா மாவில் சிறு துண்டை விரல்களால் இழுத்தால், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குக் கிழியாமல் விரிய வேண்டும் என்று பேக்கரி மாஸ்டர்கள் சொல்வார்கள். தவிட்டு மாவு அந்த அளவுக்கு ஒருநாளும் விரியாது; விரிய வேண்டுமென்று பிசைந்துகொண்டே போனால் உள்ள வலையும் அறுந்துவிடும். மாவு கொஞ்சம் பிசுபிசுப்பாக, ஆனால் பாத்திரத்தின் பக்கங்களிலிருந்து ஒன்றாக எழுந்து வரும் நிலையில் நிறுத்துங்கள். டின்னில் போட்டபின் இரண்டு மடங்கு பொங்கும் வரை காத்திருக்காமல் சற்று முன்னதாகவே ஓவனில் வைத்துவிட வேண்டும். மிஞ்சிப் பொங்கினால் உச்சி குழிந்துவிடும். அரை கிலோ டின்னுக்கு 200 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். இதில் தண்ணீர் அதிகம் என்பதால், பிரட்டின் நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்து 96 டிகிரி வந்தபின் எடுப்பதே நிச்சயமான வழி.

வெயில் காலத்தில் தவிட்டு பிரட்டுக்கு வரும் பெரிய ஆபத்து பூஞ்சை மட்டுமன்று. தவிட்டில் பேசில்லஸ் வகை பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இருக்கும். ஓவன் சூட்டிலும் அவை சாவதில்லை. பிரட் வெக்கையான அறையில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். முதல் அடையாளம், அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வாடை. அடுத்து நடுப்பகுதி பழுப்பாகிப் பிசுபிசுக்கும். துண்டை இரண்டாகப் பிய்த்து மெதுவாக விலக்கினால், ஊசிப்போன சோற்றில் வருவதைப் போல மெல்லிய நூல்கள் நீளும். அப்படி வந்த பிரட்டை ரஸ்க்காக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, டின், மேசை, வெட்டும் இயந்திரம் எல்லாவற்றையும் கழுவி வினிகர் கரைசலால் துடைக்க வேண்டும். தடுக்க விரும்பினால், தண்ணீரில் 100 மில்லிக்குப் பதிலாக அதே அளவு நன்கு புளித்த மோரைச் சேருங்கள்; புளிப்பில் இந்த பாக்டீரியா எளிதில் பெருகாது. அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புப் பொருளான கால்சியம் புரோபியோனேட்டைச் சேர்ப்பதானால் அளவு மீறாமல் சேர்த்து, உறையிலும் குறிப்பிட வேண்டும். முழுவதுமாக ஆறாத பிரட்டை உறையில் அடைப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யாதீர்கள்.

இசப்கோலைச் சேர்க்க விரும்புகிறவர்கள் மாவில் 1 முதல் 2 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுப்பதால் பிரட்டின் எடை கூடி, நாரின் சதவீதம் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. அதற்கு மேல் சேர்த்தால் உள்பகுதி வேகாத களிபோல் இருக்கும்.

ஆய்வகமும் உறையும்

மேலே போட்ட கணக்கு நமக்கான வழிகாட்டி மட்டுமே. உறையில் அச்சிடும் எண்ணை ஆய்வக அறிக்கைதான் தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுக்கும்போது 'மொத்த உணவு நார்' பரிசோதனை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 'கச்சா நார்' என்ற பழைய பரிசோதனை விலை மலிவாக இருக்கும், ஆனால் அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்த பிறகு மிஞ்சுவதை மட்டுமே அது அளப்பதால், கரையும் நார் முழுவதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். உங்கள் உழைப்பில் பாதி அறிக்கையில் காணாமல் போகும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் விற்பனையைத் தொடங்கக் கூடாது. கோதுமை, பால் இரண்டும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் உறையில் தனியாகக் குறிப்பிட வேண்டும். கோதுமை குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் கேப்பை பிஸ்கட் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதபடி அந்த வரி பெரிய எழுத்தில் இருப்பது நல்லது. நிறத்துக்காகக் கேரமல் சேர்க்காதீர்கள். பழுப்பு நிறத்தை நாரென்று நம்பி வாங்குகிறவரை ஏமாற்றுவதாகும் அது.

நேரில் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள், ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலுள்ள சமுதாய அறிவியல் கல்லூரியில் உணவுப் பதப்படுத்தும் பயிற்சிகள் எப்போது நடக்கின்றன என்று விசாரித்துச் சேரலாம்.

வாங்குகிறவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிக் கொடுங்கள். இதுவரை மைதாவே சாப்பிட்டு வந்தவர்கள் முதல் வாரம் ஒரு துண்டு, அடுத்த வாரம் இரண்டு என்று மெல்லக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் அதிகம் சாப்பிட்டால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, இனி வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். கூடவே தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். குடல் சுருக்கம், குடல் அறுவை சிகிச்சை போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உண்ண வேண்டும்.

ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு பாக்கெட்டை விற்காமல் தேதி எழுதித் தனியே எடுத்து வையுங்கள். கடை அலமாரியில் எந்த வெக்கையில் உங்கள் பண்டம் இருக்குமோ அதே வெக்கையில் அதை வைத்து, தினமும் மோந்து, பிய்த்துப் பாருங்கள். அது கெடத் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாக இருக்கும் தேதியையே உறையில் காலாவதித் தேதியாக எழுதுங்கள். கோடையில் ஒரு தேதி, ஐப்பசி மழையில் வேறு தேதி என்று வந்தாலும் அதன்படியே உறையை மாற்றுங்கள்.